வயரா, வயர்லெஸ்ஸா? ஹெட்போன் வாங்கும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

ஹெட்போன் வாங்கப்போகிறவர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒருவருக்குத் தொலைபேசியில் விளக்கி முடித்து வைத்தால், அடுத்த வாரம் இன்னொருவர் அதையே முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். நான் ஒலிப் பொறியாளன் இல்லை. பதினைந்து ஆண்டுகளாக விதவிதமான ஹெட்போன்களை வாங்கி, உடைத்து, பிரித்துப் பார்த்து, சிலவற்றை ஏன் வாங்கினோம் என்று நொந்துகொண்ட அனுபவம் மட்டும் இருக்கிறது. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

வயர் இல்லாத ஹெட்போனில் ஒலித்தரம் குறைவு என்கிறார்களே, உண்மைதானா?

உண்மைதான், ஆனால் பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. சிடியில் உள்ள பாட்டு விநாடிக்கு 1,411 கிலோபிட் வேகத்தில் ஓடுகிறது. வழக்கமான புளூடூத் இணைப்பு அத்தனையையும் தாங்காது. ஆகவே போன் பாட்டைச் சுருக்கி அனுப்புகிறது, ஹெட்போன் அதை விரித்து ஒலிக்கிறது. இப்படிச் சுருக்கி விரிக்கும் முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். புளூடூத் ஹெட்போன்களில் பொதுவாக இருந்தே ஆகவேண்டிய எஸ்பிசி என்ற கோடெக், நல்ல நிலையில் விநாடிக்கு 328 கிலோபிட் அனுப்புகிறது. சிடியின் அளவில் கால்பங்குக்கும் குறைவு.

எண்ணைப் பார்த்தால் திடுக்கிடும். காதைக் கேட்டால்? ஒருமுறை என் தங்கையைக் கண்ணை மூடி உட்காரவைத்து, ஒரே ஹெட்போனில் ஒரே பாட்டுக்கு எஸ்பிசியையும், அதைப்போல் மூன்று மடங்கு தரவு அனுப்பும் எல்டாக் என்ற கோடெக்கையும் மாற்றி மாற்றிப் போட்டேன். அவள் சரியாகச் சொன்னதும் தவறாகச் சொன்னதும் ஏறக்குறைய சரிபாதி. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதுதான் வந்திருக்கும். இத்தனைக்கும் அவள் வாய்ப்பாட்டு கற்றவள். சுருதி இம்மி விலகினால் முகம் சுளிப்பவள். வித்தியாசம் எங்கேயாவது தெரிந்தது என்றால் கைத்தட்டலிலும் ஜால்ரா ஒலியிலும்தான். அங்கே எஸ்பிசி சற்றே மணல் தூவியது போலக் கேட்டது.

அப்படியென்றால் ஒன்று நன்றாகவும் இன்னொன்று மட்டமாகவும் கேட்பது எதனால்?

அதன் ஒலியை எப்படிச் சமன்செய்து வடிவமைத்திருக்கிறார்கள், அது உங்கள் காதில் எப்படிப் பொருந்துகிறது, உங்களைச் சுற்றி எவ்வளவு சத்தம் இருக்கிறது. என் கணக்கில் இந்த வரிசைதான். கோடெக் இவை எல்லாவற்றுக்கும் பின்னால் வருகிறது. விளம்பரத்தில் மட்டும் அது முதலில் நிற்கும், ஏனென்றால் எண்ணாகச் சொல்ல முடிந்தது அது ஒன்றுதான்.

அடி ஒலி எவ்வளவு, குரல் எவ்வளவு, கூர்மையான மேல் ஒலி எவ்வளவு என்ற விகிதம்தான் ஒரு ஹெட்போனின் குணம். ஒலிக்கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழுவினர் பல பேரைக் கேட்கவைத்துச் சோதித்து, பெரும்பாலானவர்கள் ஏறத்தாழ ஒரே விகிதத்தைத்தான் விரும்புகிறார்கள் என்று கண்டார்கள். ஹார்மன் வளைவு என்று விமர்சகர்கள் சொல்வது அதைத்தான். விலை கூடினால் ஒலியும் கூடும் என்று நம்புகிறவர்களுக்கு இன்னொரு செய்தி: 2017-இல் யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை ஒப்பிட்டு, இந்த விகிதத்துக்கும் விலைக்கும் தொடர்பே காணவில்லை என்று எழுதினார்.

வயர்லெஸ்ஸுக்கு இதில் ஒரு சாதகமும் உண்டு. அதற்குள் சிப், ஆம்ப்ளிஃபையர், ஒலிக்கும் தகடு மூன்றும் ஒரே குடும்பம். தகட்டின் குறையைச் சிப் திருத்திக்கொடுக்கும். வயர் ஹெட்போனோ எந்தப் போனில் செருகினாலும் கிடைத்ததை வைத்துக்கொண்டு பாடவேண்டியதுதான்.

காதுக்குள் செருகுவது, காதை மூடுவது, இரண்டில் எது?

சட்டைப்பையில் போடவேண்டும், நடக்கவேண்டும் என்றால் இயர்பட்ஸ். மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்பதென்றால் காதை மூடும் பெரியது. காதுக் குழாய்க்குள் எதுவும் அழுத்தாது, பேட்டரியும் நீடிக்கும். வெயில் காலத்தில் காது வியர்த்துப் புழுங்கும் என்பது அதன் குறை.

பின்புறம் சல்லடைபோல் திறந்திருக்கும் ஓபன்-பேக் ரகம் ஒன்றும் உண்டு. சென்ஹைசர் நிறுவனம் 1968-இல் கொண்டுவந்த எச்டி 414-தான் அவற்றுக்கு முன்னோடி. அறைக்குள் விரிந்து ஒலிப்பது போன்ற சுகம் அதில்தான். ஆனால் வெளிச் சத்தம் உள்ளே வரும், உங்கள் பாட்டு பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். பஸ்ஸுக்கு ஆகாது. இந்த ரகத்தில் பெரும்பாலானவை இன்னும் வயரோடுதான் வருகின்றன.

புதிதாக வாங்கிய இயர்பட்ஸில் பேஸே இல்லை. பழுதானதைக் கொடுத்துவிட்டார்களா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் கேட்கும் முதல் கேள்வி: பெட்டியில் கூடவே வந்த மற்ற ரப்பர் முனைகளைப் போட்டுப் பார்த்தீர்களா? பத்தில் ஒன்பது பேர் அந்தச் சிறு உறையைப் பிரித்திருக்கவே மாட்டார்கள். பேஸ் எனப்படும் அடி ஒலி, காதுக் குழாய் காற்றுப் புகாமல் அடைபட்டால்தான் நிற்கும். மயிரிழை அளவு இடைவெளி இருந்தாலும் மத்தளம் மேசையைத் தட்டுவது போல் ஆகிவிடும்.

சோதிப்பது எளிது. பாட்டை ஓடவிட்டு, இரண்டு பட்ஸையும் விரலால் மெல்ல உள்ளே அழுத்துங்கள். அழுத்திய நொடியில் அடி ஒலி உயிர்பெற்று, விட்டதும் வடிந்துபோனால், பழுது இயர்பட்ஸில் இல்லை, முனையின் அளவில்தான். பாட்டை நிறுத்திவிட்டு வாய்விட்டு ஒரு வரி பேசிப் பார்ப்பது இன்னொரு வழி: சரியாக அடைபட்டிருந்தால் உங்கள் குரலே குடத்துக்குள் பேசுவது போல் கேட்கும். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்தவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. என் இடது காதுக்குப் பெரியது, வலது காதுக்கு நடுத்தரம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு வருடமும் மூன்று இயர்பட்ஸும் ஆயின. எந்த ரப்பரும் நிற்கவில்லை என்றால் அமுக்கினால் சுருங்கி மெல்ல விரியும் நுரை முனைகள் தனியாகக் கிடைக்கின்றன.

காதை மூடும் ரகத்தில் இதே வேலையைக் கெடுப்பது மூக்குக் கண்ணாடி. தடித்த காம்பு மெத்தையைத் தூக்கிவிடும். கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியோடுதான் போட்டுப் பார்த்து வாங்கவேண்டும்.

பெட்டி மேல் எஸ்பிசி, ஏஏசி, ஆப்டெக்ஸ், எல்டாக் என்று எழுதியிருக்கிறது. இதில் எது எனக்கு வேண்டும்?

உங்கள் போனும் ஹெட்போனும் இரண்டுமே அறிந்த கோடெக்தான் ஓடும். ஒன்று மட்டும் அறிந்திருந்தால் பயனில்லை. ஐபோனில் வயர்லெஸ் பாட்டுக்கு எஸ்பிசியும் ஏஏசியும்தான். ஐபோன் வைத்துக்கொண்டு எல்டாக்குக்காகக் கூடுதலாகச் செலவழிப்பது, தண்டவாளம் இல்லாத ஊருக்கு ரயில் டிக்கெட் எடுப்பது போல. ஆண்ட்ராய்டில் 8.0 பதிப்பிலிருந்து எல்டாக்குக்கு இடம் உண்டு.

சோனி 2015-இல் கொண்டுவந்த எல்டாக்கின் உச்ச வேகம் விநாடிக்கு 990 கிலோபிட். அதற்குக் கீழே 660, 330 என்று இரண்டு படிகள். பெட்டியில் அச்சாவது 990 மட்டும். கூட்டமான ரயில் நிலையத்தில் 990-ஐக் கட்டாயப்படுத்தி வைத்தீர்களானால் பாட்டு விக்கி விக்கி வரும். தானாக ஏறி இறங்கும்படி விட்டுவிடுவதே நல்லது. ஆப்டெக்ஸ் 352 கிலோபிட், ஆப்டெக்ஸ் எச்டி 576.

ஆண்ட்ராய்டில் இப்போது எது ஓடுகிறது என்பதை டெவலப்பர் அமைப்புகளுக்குள் பார்க்கலாம். எல்டாக் வாங்கிவிட்டோம் என்று ஒரு வருடம் மகிழ்ந்திருந்த நண்பர் ஒருவர் போய்ப் பார்த்தார். அத்தனை நாளும் எஸ்பிசிதான் ஓடியிருக்கிறது. ஹெட்போனின் செயலியில் ஒரு பொத்தானை அவர் இயக்கவே இல்லை. அந்த ஒரு வருடமும் எல்டாக்கின் இனிமையை எல்லோரிடமும் புகழ்ந்து வந்தவர் அவர்.

புளூடூத் 5.0-ஐ விட 5.3-இல் ஒலி நன்றாக இருக்குமா?

அந்த எண்ணுக்கும் ஒலிக்கும் நேரடித் தொடர்பு இல்லை. 5.2 பதிப்போடு எல்இ ஆடியோ என்ற புதிய முறையும், குறைந்த தரவிலேயே நன்றாக ஒலிக்கும் எல்சி3 என்ற கோடெக்கும் வந்தன. ஆனால் 5.3 என்று எழுதிய எல்லாவற்றிலும் அது இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். 'எல்இ ஆடியோ' என்று தனியாகக் குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள். போனிலும் இருக்கவேண்டும்.

லாஸ்லெஸ் தரத்துக்குச் சந்தா கட்டுகிறேன். புளூடூத்தில் கேட்டால் காசு வீணா?

லாஸ்லெஸ் என்றால் ஒரு துளியும் இழக்காமல் வருவது. அதை வழக்கமான புளூடூத் வழியாக அனுப்பினால் கடைசிக் கட்டத்தில் மறுபடியும் சுருங்கிவிடும். ஆப்பிள் 2021-இல் தன் இசைச் சேவையில் லாஸ்லெஸ்ஸைச் சேர்த்தபோதே, புளூடூத் ஹெட்போனில் அது லாஸ்லெஸ்ஸாகக் கேட்காது என்று தானே சொல்லிவிட்டது. சிடியின் தரத்தை அப்படியே கடத்தும் ஆப்டெக்ஸ் லாஸ்லெஸ் என்ற முறை இருக்கிறது. அதற்கு இரண்டு பக்கமும் உரிய சிப்பும், தடங்கலில்லாத அலையும் வேண்டும்.

முழு வீண் என்றும் சொல்லமாட்டேன். ஏற்கனவே நசுக்கிய பாட்டை மறுபடி நசுக்குவதைவிட, முழுதாக வந்ததை ஒருமுறை நசுக்குவது மேல். ஆனால் முதல் பதிலில் சொன்ன சோதனையை நினைவில் வையுங்கள். பஸ்ஸில் கேட்பதற்காக மட்டும் என்றால் நான் அந்தச் சந்தாவை நிறுத்திவிடுவேன்.

இரைச்சல் நீக்கும் வசதி இருந்தால் பாட்டின் தரம் கெடும் என்கிறார்களே?

ஹெட்போனின் மைக் வெளிச் சத்தத்தைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி இரண்டையும் ஒன்றோடொன்று மோதவிட்டு அடக்குகிறது. போஸ் நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸ் 1978-இல் விமானப் பயணம் ஒன்றில் இதற்கான கணக்கைப் போட ஆரம்பித்தார். அவருடைய நிறுவனம் விமானிகளுக்கான முதல் ஹெட்செட்டை விற்பனைக்குக் கொண்டுவர 1989 ஆனது. எஞ்சின், மின்விசிறி, ஏசி போன்று ஒரே சீராக வரும் தாழ்ந்த ஒலிகளில் இந்த வித்தை பிரமாதமாக வேலை செய்யும். பேச்சுக் குரல், குக்கர் விசில், குழந்தை அழுகை இவற்றில் அவ்வளவு எடுபடாது. அவற்றைத் தடுப்பது பெரும்பாலும் ரப்பர் முனையும் மெத்தையும்தான். "வாங்கியும் பக்கத்து மேசைக்காரர் பேசுவது கேட்கிறதே" என்று குறைப்படுபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்கியிருக்கவேண்டும்.

அமைதியான அறையில் இதை இயக்கினால் சில ஹெட்போன்களில் அடி ஒலி மாறும், மெல்லிய சீறல் கேட்கும், சிலருக்குக் காது அடைத்த உணர்வும் வரும். அங்கே அணைத்துவிடுங்கள். ஆனால் ரயிலில், பஸ்ஸில் நிலைமை தலைகீழ். அங்கே பாட்டின் மெல்லிய பகுதிகளை விழுங்குவது கோடெக் இல்லை, எஞ்சின். அதை அடக்கிவிட்டால் மிகச் சாதாரண எஸ்பிசிகூட, இரைச்சல் நீக்காத உயர்ந்த வயர் இயர்போனை வென்றுவிடும். வசதிக்காகத் தரத்தை விட்டுக்கொடுக்கிறோம் என்று எல்லோரும் சொல்லும் இடத்தில், வசதியே தரத்தைக் கூட்டிவிடுகிறது.

அலுவலகக் கூட்டத்தில் நுழைந்த உடனே எல்லாம் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல் ஆகிறது. ஏன்?

ஹெட்போனின் மைக் இயங்க ஆரம்பித்துவிட்டதால். புளூடூத்தில் பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு இன்னொரு வழி. பாட்டு வழி ஒருவழிப் பாதை. போனிலிருந்து காதுக்கு மட்டும்தான் போகும். மைக் வேண்டும் என்றால் இணைப்பு பேச்சு வழிக்கு மாறவேண்டும். அந்த வழியின் பழைய முறையில் ஒலி விநாடிக்கு 8,000 முறை மட்டுமே அளந்து எடுக்கப்படுகிறது, சற்றுப் புதியதில் 16,000 முறை. சிடியில் 44,100. போதாக்குறைக்கு இடம் வலம் என்ற பிரிவும் போய் ஒற்றை ஒலியாகிவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதும் இதற்குத் தப்பாது.

மடிக்கணினியில் இதற்கு ஒரு எளிய வழி உண்டு. ஒலி அமைப்புகளில் ஒலி வெளிவருவதற்கு ஹெட்போனையும், மைக்குக்குக் கணினியில் உள்ள மைக்கையும் தேர்ந்தெடுங்கள். கூட்ட மென்பொருளுக்குள்ளும் தனியாக அதே மாற்றத்தைச் செய்யவேண்டும், அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பேச்சு தெளிவாகிவிடும், எதிர்முனையில் உங்கள் குரலும் பெரும்பாலும் முன்னைவிட நன்றாகக் கேட்கும். முன்பு சொன்ன எல்இ ஆடியோ இந்தக் குறையைப் போக்கக்கூடியது. நாள் முழுக்கக் கூட்டங்களில் இருப்பவர் என்றால் எல்டாக்கைவிட அதைத் தேடுங்கள்.

படத்தில் உதடும் குரலும் ஒத்துப்போகின்றன. விளையாட்டில் மட்டும் சத்தம் ஏன் பிந்தி வருகிறது?

இதைக் கேட்டது என் அக்கா மகன். சுருக்கி, அனுப்பி, சேர்த்துவைத்து, விரிப்பதற்கு நேரம் பிடிக்கிறது. சாதாரண புளூடூத்தில் 150 முதல் 250 மில்லி விநாடி வரை ஆவது வழக்கம். ஒலி படத்தைவிட ஏறக்குறைய 125 மில்லி விநாடிக்கு மேல் பிந்தினால் பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். படம் ஓட்டும் செயலிக்கு இந்தத் தாமதம் முன்கூட்டியே தெரியும் என்பதால், படத்தையும் அதே அளவு நிறுத்திவைத்து ஒத்துப்போகச் செய்கிறது. விளையாட்டில் நீங்கள் எப்போது பொத்தானை அழுத்துவீர்கள் என்பது யாருக்கும் தெரியாதே!

சில ஹெட்போன்களில் விளையாட்டுக்கான குறைதாமத முறை இருக்கிறது. தனி யுஎஸ்பி துண்டோடு வரும், புளூடூத்தைப் பயன்படுத்தாத வயர்லெஸ் ஹெட்செட்கள் இன்னும் நல்லவை. கீபோர்டு வாசிப்பவர்கள், குரல் பதிவு செய்பவர்கள், காணொளித் தொகுப்பு செய்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், வயர்தான். விரல் தொட்டு கால் விநாடி கழித்து ஸ்வரம் வந்தால் தாளம் எப்படி நிற்கும்?

போனைக் கால்சட்டைப் பையில் வைத்தால் பாட்டு விட்டு விட்டு வருகிறது. கையில் வைத்தால் சரியாக இருக்கிறது. என்ன கோளாறு?

கோளாறு நம் உடம்பில்தான். புளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். உடம்பில் பெரும்பங்கு தண்ணீர், தண்ணீர் அந்த அலையை நன்றாக உறிஞ்சிவிடும். போன் பின்பையில், அலை வாங்கும் பக்கம் எதிர்க்காதில் என்றால் இடையில் நீங்களே ஒரு சுவர். மேல் சட்டைப்பையில் வைத்துப் பாருங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் பெரும்பாலான வைஃபையும் இதே அலைவரிசையில் இருப்பதால், அடுப்பு ஓடும்போது பக்கத்தில் நின்றாலும் இப்படி ஆகலாம். எல்டாக்கை 990-இல் கட்டிப்போட்டிருந்தால் அதை முதலில் அவிழ்த்துவிடுங்கள்.

ஒரு வயர்லெஸ் ஹெட்போன் எத்தனை வருடம் உழைக்கும்?

பேட்டரி எவ்வளவு காலமோ அவ்வளவு காலம். வயர்லெஸ்ஸின் உண்மையான விலை இதுதான் என்பது என் கட்சி. ஒலித்தரத்தைப் பற்றியே எல்லோரும் சண்டை போடுகிறார்கள், ஆயுளைப் பற்றி வாய் திறப்பவர் குறைவு. லித்தியம் அயனி பேட்டரி சுமார் 300 முதல் 500 முறை முழுதாகச் சார்ஜ் ஆகி இறங்கினால் அதன் கொள்ளளவு கண்கூடாகக் குறையும். இயர்பட் ஒன்றில் இருக்கும் பேட்டரி பெரும்பாலும் 40 முதல் 60 மில்லி ஆம்பியர் மணி. போனில் உள்ளதில் நூறில் ஒரு பங்கு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து மணி நேரம் ஓடும் இயர்பட்ஸை நாளுக்கு ஐந்து மணி நேரம் பயன்படுத்தினால் தினமும் ஒரு சுற்று. 500 சுற்று, ஒன்றரை வருடத்துக்குள் முடிந்துவிடும். நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் மூன்று வருடத்துக்கும் சற்று மேல். காதை மூடும் ரகம் ஒருமுறை சார்ஜுக்கு 30 மணி நேரம் ஓடுகிறது என்றால், அதே இரண்டு மணி நேரப் பயன்பாட்டில் பதினைந்து நாளுக்கு ஒரு சுற்று, வருடத்துக்கு இருபத்துநாலுதான். அங்கே பேட்டரி தேய்ந்து சாகாது, வயதாகித்தான் சாகும். நீண்ட நாள் உழைக்கவேண்டும் என்று நினைப்பவர்கள் இயர்பட்ஸைவிட இதைத் தேர்ந்தெடுப்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

என் இயர்பட்ஸ் ஒன்றில் இடது காது மட்டும் நாற்பது நிமிடத்தில் அணைய ஆரம்பித்தது. பேட்டரியை மாற்றலாம் என்று பிரிக்கப் பார்த்தால், பசையால் ஒட்டியிருந்த மூடி தகடோடு சேர்ந்து கிழிந்து வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டு பேட்டரி விதி, 2027 பிப்ரவரி முதல் கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றும்படி இருக்கவேண்டும் என்கிறது. விதிவிலக்குகளும் உண்டு. அதுவரை, வாங்கும் முன் அந்த மாதிரிக்குப் பேட்டரி தனியாகக் கிடைக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

வயர்லெஸ் ஹெட்போனில் வயரைச் செருகினால் அது வயர் ஹெட்போன் ஆகிவிடுமா?

ஆகும், ஆகாது. சிலவற்றில் வயரைச் செருகியதும் சிப் ஒதுங்கிக்கொண்டு, ஒலி நேராகத் தகட்டுக்குப் போகும். பேட்டரி செத்தாலும் பாடும். ஆனால் இரண்டாம் பதிலில் சொன்னேனே, தகட்டின் குறையைச் சிப் திருத்துகிறது என்று, அந்தத் திருத்தம் இப்போது இருக்காது. ஆகவே வயரில் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்று எதிர்பார்த்துச் செருகுபவர்கள், மந்தமான ஒலியைக் கேட்டு ஏமாறுவது உண்டு. வேறு சிலவற்றில் வயர் வழியாக வரும் ஒலியும் சிப்புக்குள் போய்த்தான் வெளியே வரும். சார்ஜ் இல்லை என்றால் வயர் இருந்தும் ஊமை.

யுஎஸ்பி-சி வயர் வழியாகவே எண்முறையில் ஒலியை வாங்கும் ஹெட்போன்கள் இந்த இரண்டுக்கும் மேல். வாங்கும்போது "வயர் உண்டா" என்று கேட்பதோடு நிறுத்தாமல் "அணைத்துவைத்து வயரில் கேட்க முடியுமா" என்றும் கேளுங்கள்.

போனில் ஹெட்போன் துளையே இல்லையே, வயர் ஹெட்போனை எங்கே செருகுவது?

ஐபோன் 2016-இல் அந்தத் துளையை எடுத்ததிலிருந்து மற்றவர்களில் பலரும் ஒவ்வொருவராக எடுத்துவிட்டார்கள். விரல் நீளத்தில் யுஎஸ்பி-சி மாற்றித் துண்டு கிடைக்கிறது. அதற்குள்ளேயே ஒலியை மாற்றித் தரும் சிப் இருப்பது நல்லது, ஏனென்றால் வெறும் வயராக இருக்கும் துண்டு எல்லாப் போனிலும் வேலை செய்யாது. தொலைந்துபோவதில் அதற்கு நிகர் கிடையாது. ஹெட்போன் வயரின் நுனியிலேயே நிரந்தரமாக மாட்டி வைத்துவிடுங்கள்.

காதில் புளூடூத் வைத்துக்கொண்டே இருந்தால் மூளைக்குக் கெடுதலா?

புளூடூத் இயர்பட் வெளியிடும் சக்தி சில மில்லிவாட் அளவுதான்; போனைக் காதில் ஒட்டிப் பேசும்போது போன் வெளியிடுவதைவிட மிகக் குறைவு. அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் வகைக் கதிரும் அல்ல. நான் கவலைப்படுவது வேறு ஒன்றுக்காக. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும்: 83-இல் 20 மணி, 86-இல் 10, 89-இல் 5. குழந்தைகளுக்கு 75 டெசிபல்.

சத்தமான இடத்தில் நாம் அறியாமலே ஒலியைக் கூட்டிவிடுகிறோம். இரைச்சல் நீக்கம் அந்தத் தேவையையே குறைத்துவிடுகிறது என்பது அதை வாங்க இன்னொரு நியாயம். சாலையில் நடக்கும்போது மட்டும் அணைத்துவிடுங்கள். பின்னால் வரும் வண்டியின் ஒலியும் எஞ்சின் ஒலிதான்.

ஓடும்போது போட என்ன பார்க்கவேண்டும்?

ஐபிஎக்ஸ்4 என்றால் வியர்வையும் தெறிக்கும் தண்ணீரும் தாங்கும். ஐபிஎக்ஸ்7 ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். இயர்பட்ஸைச் சார்ஜ் செய்யும் பெட்டிக்கு அந்தத் தரம் பெரும்பாலும் இருக்காது, ஆகவே ஈரத்தோடு உள்ளே வைத்து மூடாதீர்கள். ஓடும்போது எல்டாக்கையும் எஸ்பிசியையும் பிரித்தறியும் காது படைத்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும். எதை வாங்கட்டும்?

நேற்று எங்கெங்கே பாட்டுக் கேட்டீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். இனிமேல் கேட்கப்போவதாகக் கனவு காணும் இடம் கணக்கில் சேராது. வழியில், சமையலறையில், துணி மடிக்கும்போது என்றால் இரைச்சல் நீக்கும் வயர்லெஸ் வாங்குங்கள், கோடெக்கை மறந்துவிடுங்கள். ஒரே நாற்காலியில், ஒரே மேசையில் என்றால் நல்ல வயர் ஹெட்போன். அதே காசுக்கு ஒலியும் கூடுதல், ஆயுளும் கூடுதல். இரண்டும் கலந்து என்றால், அணைத்தாலும் வயரில் பாடக்கூடிய, காதை மூடும் வயர்லெஸ்.

நல்ல வயர் ஹெட்போன் ஒன்று அலமாரியில் தூங்குகிறது. வயர்லெஸ் வந்த பிறகு எடுக்கவே தோன்றவில்லை. யாருக்காவது கொடுத்துவிடலாமா?

கொடுக்கும் முன் அதன் காது மெத்தையைத் தொட்டுப் பாருங்கள். செயற்கைத் தோல் வெடித்து, கறுப்புத் துகள் விரலில் ஒட்டுகிறதா? அமுக்கினால் பஞ்சு எழாமல் அப்படியே கிடக்கிறதா? அப்படியென்றால் நீங்கள் கடைசியாகக் கேட்டது அந்த ஹெட்போனின் ஒலியே இல்லை. மெத்தை அமுங்கினால் தகடு காதை நெருங்கிவிடும், அடைப்பும் போய்விடும், ரப்பர் முனைக்குச் சொன்ன அத்தனையும் இங்கேயும் நடக்கும்.

என்னுடையது பதினோரு வருடத்தது. இரண்டு முறை மெத்தையும் ஒரு முறை வயரும் மாற்றியாகிவிட்டது. பழைய மெத்தையின் விளிம்பில் கட்டைவிரலை நுழைத்து இழுத்தால் கழன்று வரும். புதியதன் உதட்டை விளிம்பின் பள்ளத்தில் ஒரு பக்கத்திலிருந்து திணித்துக்கொண்டே சுற்றி வரவேண்டும். கடைசி இரண்டு அங்குலம் முரண்டு பிடிக்கும். முழு வேலைக்கும் கால் மணி நேரம். மாற்றிவிட்டு ஒரு இரவு கேட்டுப் பாருங்கள். அப்புறமும் கொடுக்கத் தோன்றினால், கீபோர்டு கற்றுக்கொள்ளும் பிள்ளை யாராவது இருந்தால் அவர்களுக்குக் கொடுங்கள்.